சேர்வராயன் மலைக்கு அடியில் எத்தனை டிகிரி?

வியாழன், சேலம்

அக்னி நட்சத்திரத்தில் சேலத்துக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காலை பத்து மணிக்கே ஐந்து ரோட்டில் செருப்பு தாரில் ஒட்டியது. வந்த காரணம் என் அக்கா மகன். நியூசிலாந்தில் டாப்போ என்ற ஊரில் வேலை, லீவில் வந்திருக்கிறான். பூமிக்குள் ஆழமாகத் துளை போட்டு, அங்கே கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை மேலே கொண்டுவந்து, அந்த ஆவியில் டர்பைனைச் சுற்றவிட்டுப் புவிவெப்ப மின்சாரம் எடுக்கிறார்கள் அல்லவா, அந்தத் துளை போடும் ஆட்களில் அவனும் ஒருவன். அவனோடு ஏற்காடு போய் வருவது என்பதுதான் முதலில் போட்ட திட்டம்.

மதியம் சாப்பிடும்போது அக்கா கேட்ட கேள்வியில் திட்டம் கொஞ்சம் மாறிவிட்டது. "ஏன் கண்ணு, அங்க பூமிக்கடியில இருக்கற சூட்டுல கரண்ட் எடுக்கறோம்ங்கற. நம்மூரு இந்தக் கொதி கொதிக்குதே, இங்க எடுக்க முடியாதா?"

சிரித்து ஒதுக்க வேண்டிய கேள்வி இல்லை இது. படித்தவர்களே இப்படி நினைக்கிறார்கள். சேலத்தில் தரை சுடுவது சூரியனால். அந்தச் சூடு மண்ணுக்குள் வெகுதூரம் போவதே இல்லை. பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கிவிட்டால் சித்திரையும் மார்கழியும் ஒன்றுதான். ஊரின் வருடச் சராசரி வெப்பம் எதுவோ, ஏறக்குறைய அதே வெப்பத்தில் மண் நிற்கும். சேலத்துக்கு அது 28 டிகிரியை ஒட்டி வரும். அதற்கும் கீழே போகப் போகத்தான் பூமியின் சொந்தச் சூடு தெரிய ஆரம்பிக்கும். பூமி உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட சூடு ஒரு பாதி. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் என்று பாறைக்குள் இருக்கும் கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதால் பிறக்கிற சூடு ஏறக்குறைய இன்னொரு பாதி. உலகச் சராசரியாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி ஏறும்.

"அப்ப இங்கயும் ஏறுமில்ல?" என்றாள் அக்கா. விடுகிறவள் இல்லை.

"ஏறும்மா. எவ்வளவு ஏறும்ங்கறதுதான் கேள்வி. தண்ணி வத்திப்போன போர் ஏதாவது இருக்கா? விட்டு அளந்தே பாத்துரலாம்."

வாழப்பாடி பக்கம் அக்காவின் நாத்தனார் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது. நாளைக்கு அங்கே.

சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் கருப்பூர் பக்கமாக வண்டியை விட்டோம். மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே சேலத்தில் உண்டு. ஒரு கனிமத்தின் பெயரில் ஸ்டேஷன் இருக்கும் ஊர்கள் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை, எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி சுற்று வட்டாரம் முழுக்க மண்ணே வெள்ளையாக மாறிவிடும். தோண்டிக் கொட்டிய குவியல்கள் ரோட்டிலிருந்தே தெரியும். பூமியின் ஆழத்திலிருந்து வந்த மக்னீசியம் நிறைந்த கரும்பச்சைப் பாறை, அதன் விரிசல்களில் வலை பின்னியதுபோல் வெள்ளை நரம்புகள். அந்த நரம்புதான் மேக்னசைட்.

மாப்பிள்ளை ஒரு துண்டைக் கையில் எடுத்து எடை பார்த்தான். "மாமா, இதுல பாதிக்கு மேல கார்பன் டை ஆக்சைடு."

உண்மைதான். மக்னீசியமும் காற்றில் இருக்கும் அதே கரியமில வாயுவும் சேர்ந்து கல்லானது இது. எடையில் 52 சதவீதம் வாயு. ஏன் இதைச் சொன்னான் என்றால், அவன் பார்க்கும் தொழிலில் பலரும் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பூமிக்கு அடியிலிருந்து வருகிற ஆவியோடு கரியமில வாயுவும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தே வரும். நிலக்கரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ஐஸ்லாந்தில் ஹெட்லிஷெய்தி என்ற பெரிய நிலையத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளிவரும் வாயுவைத் தண்ணீரில் கரைத்து, அருகிலேயே பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் திரும்பச் செலுத்திவிடுகிறார்கள். கார்ப்ஃபிக்ஸ் என்று அதற்குப் பெயர். பாறையில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து வாயு கல்லாகிவிடுகிறது. நூற்றுக்கணக்கான வருடம் பிடிக்கும் என்று நினைத்தவர்கள், சோதனையாகச் செலுத்தியதில் 95 சதவீதம் இரண்டே வருடத்துக்குள் கல்லாகிவிட்டதைப் பார்த்து அசந்துபோய் 2016இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

இயற்கை அதையே சேலத்தில் என்றைக்கோ செய்து வைத்துவிட்டது. நாம் என்ன செய்கிறோம்? அந்தக் கல்லை வெட்டிச் சூளையில் சுட்டு, வாயுவை மறுபடியும் ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை எஃகு உலைகளுக்குச் செங்கல்லாக விற்கிறோம். எஃகு வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். ஆனாலும் ஐஸ்லாந்துக்காரன் லட்சக்கணக்கில் செலவு செய்து எதை உருவாக்குகிறானோ, அதை நாம் சுட்டுக் கலைக்கிறோம் என்பது ரோட்டோரம் நின்று தட்டுவடை செட் சாப்பிடும்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. செட் நன்றாக இருந்தது. பீட்ரூட் துருவல் கொஞ்சம் அதிகம்.

வெள்ளி, வாழப்பாடி பக்கம்

காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டோம். போர் 900 அடி. சில வருடங்களுக்கு முன் வற்றியதும் மோட்டாரை எடுத்துவிட்டு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்திருந்தார்கள். இப்படி மூடி வைத்திருப்பதைப் பார்த்தாலே நிம்மதியாக இருக்கிறது. மூடாமல் விட்ட குழிகள் குழந்தைகளை என்ன செய்தன என்று தமிழ்நாட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெல்டிங்கைப் பிரித்து, வேலை முடிந்ததும் திரும்ப வைத்துத் தருவதற்கு ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

அளக்கும் முறை ரொம்ப எளிது. விரல் நீளத்தில் ஒரு எஃகுக் குழாய். அதற்குள் வெப்பத்தைப் பதிந்துகொண்டே இருக்கும் ஒரு கருவி. நைலான் கயிற்றில் நூறடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கணக்குத் தப்பும். ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் தென்னிந்தியா முழுக்க இதே வேலையைத்தான், இன்னும் நுட்பமான கருவிகளோடு, பல வருடங்களாகச் செய்திருக்கிறார்கள். பம்பு ஓடுகிற போரில் இது நடக்காது, தண்ணீர் கலங்கிவிடும். எவரும் தொடாமல் கிடக்கிற போர்தான் இதற்கு லாயக்கு.

நாத்தனார் வீட்டுக்காரர் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "தண்ணி இருக்குதான்னு பாக்கறீங்களா தம்பி?"

"இல்லீங்க மாமா, அடியில சூடு எவ்வளவுன்னு பாக்கறேன்."

"சூடு பாக்கறதுக்கு எதுக்குங்க தொள்ளாயிரம் அடி போகணும்? மேலயே நின்னாத் தெரியுமே."

மதியம் வரை இறக்கினோம். அடியில் பம்பு வைக்க முடியாத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. கருவியை மேலே இழுத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது, முதல் நூறடி முடிச்சுக்கும் அடிமட்டத்துக்கும் மூன்று, மூன்றரை டிகிரிதான் வித்தியாசம். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் பன்னிரண்டு முதல் பதினான்கு டிகிரி. உலகச் சராசரியில் ஏறக்குறைய பாதிதான்.

ஒரு போரை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய் வேலை பார்த்த சுரங்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது; 2001இல் மூடினார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டிச் சில டிகிரிகள்தான். மனிதனால் வேலை செய்ய முடியாத சூடு, குளிர்காற்று அனுப்பித்தான் சமாளித்தார்கள். ஆனால் டர்பைனுக்கு அது ஜில்லென்று இருக்கும். அந்தக் கணக்குப்படி சேலத்தில் ஐந்து கிலோமீட்டர் தோண்டினாலும் 100 டிகிரியைத் தொடுவது சந்தேகம். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே 250 டிகிரி கிடைத்துவிடுகிறது. அங்கே பூமியின் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போகிறது. உருகிய பாறைக் குழம்பு மேலே ஏறி வந்து நிற்கிறது. மழைத்தண்ணீர் விரிசல் வழியே இறங்கிச் சூடாகித் திரும்புகிறது. சூடு, தண்ணீர், தண்ணீர் ஓட விரிசல், மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும்.

சூடு குறைவாக இருந்தாலும் கரண்ட் எடுக்க வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அலாஸ்காவில் செனா என்ற இடத்தில் 2006 முதல் வெறும் 74 டிகிரி வெந்நீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். வெந்நீரை வைத்து, அதைவிடக் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் வேறொரு திரவத்தை ஆவியாக்கி, அதில் டர்பைனைச் சுற்றுகிறார்கள். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை கேட்டான்: "அந்த ஆவியக் குளிரவெக்க அங்க என்ன தண்ணி கிடைக்குது தெரியுமா? ஐஸ் மாதிரி ஆத்துத் தண்ணி. இங்க?" நிழலிலேயே 39 டிகிரி. இந்த இயந்திரங்களுக்கு எல்லாம் சூடு மட்டும் போதாது. சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளிதான் தீனி. தொண்ணூறு டிகிரித் தண்ணீரை ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து இழுத்து, முப்பத்தைந்து டிகிரித் தண்ணீரில் குளிரவைத்தால், கிடைக்கும் கரண்டில் பெரும்பகுதி பம்புக்கே போய்விடும்.

திரும்பி வரும் வழியில் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஃபேக்டரிக்குள் போனோம், அவனுடைய பள்ளித் தோழனுக்குத் தெரிந்த இடம். சீசன் முடிகிற நேரம், ஒரு பகுதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவை மணியாக உருட்டி, சூடான தட்டில் வறுத்து, சிமெண்ட் களத்தில் காயவைக்கிறார்கள். நம் வீட்டு ஜவ்வரிசி பாயசத்துக்குப் பின்னால் இருக்கும் வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. பல ஆலைகளில் கிழங்குக் கழிவுநீரிலிருந்து கேஸ் எடுத்து அதையே அடுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேதான் மாப்பிள்ளை முதல்முறையாக உற்சாகமானான். புவிவெப்பம் என்றாலே நாம் கரண்டைத்தான் நினைக்கிறோம். உண்மையில் சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவதுதான் பழைய வழி, வீணாவதும் குறைவு. ஐஸ்லாந்தில் பத்து வீட்டில் ஒன்பது வீடு பூமிச் சூட்டில்தான் கதகதப்பாகிறது. அங்கே காட் மீனின் தலையையும் முள்ளையும் அதே சூட்டில் உலர்த்தி நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள், அங்கே குழம்புக்கு. நியூசிலாந்தில் கவெராவ் என்ற ஊரில் 1957 முதல் காகித ஆலையே பூமிக்கடி ஆவியில் ஓடியது. கிழங்கு மாவை உலர்த்த அறுபது, எழுபது டிகிரி போதும். "இந்த ஃபேக்டரி மட்டும் டாப்போவுல இருந்தா விறகும் வேண்டாம், கேசும் வேண்டாம்" என்றான். ஆலை மேஸ்திரி களத்தைக் காட்டிச் சிரித்தார். களம் முழுக்க வெயில், அது இலவசம்.

சனி, ஏற்காடு

கொண்டை ஊசி வளைவுகள் இருபது. கோடை விழா கூட்டத்தில் கார்கள் ஊர்ந்துதான் ஏறின. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, வெட்டி எடுத்த மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே வரலாம். பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் ஒதுங்கி நிறுத்த இடம் கிடைத்தது. குரங்குகள் உடனே வந்துவிட்டன.

பாறை கருநீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம், உடைத்த இடத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுக்கம். சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். பல்லாவரம், பரங்கிமலை, சேர்வராயன், நீலகிரி எல்லாம் இதே குடும்பம்.

இந்தப் பாறையின் வரலாறுதான் அக்காவின் கேள்விக்குச் சரியான பதில் என்று எனக்குப் படுகிறது. இப்போது நாம் ஜில்லென்று காற்று வாங்க ஏறுகிற இந்த மலை, ஏறத்தாழ 250 கோடி வருடங்களுக்கு முன் பூமிக்கு அடியில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அங்கே 700 டிகிரிக்கு மேல் வெந்தது. பிறகு மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருட மழையில் கரைந்துபோக, அடிப்பகுதி மெல்ல மெல்ல மேலே வந்துவிட்டது. அதாவது, நாம் ஏற்காட்டில் நிற்பது ஒரு பழைய அடுப்பின் அடித்தளத்தில். அவ்வளவு வெந்தபோது பாறைக்குள் இருந்த தண்ணீரும், அதோடு யுரேனியம், தோரியம் போன்ற சூடு தரும் தனிமங்களும் பெருமளவு வெளியேறிப் போய்விட்டன. சேர்வராயன் பாறைகள் இந்த விஷயத்தில் உலக அளவில் ஆராயப்பட்டவை. ஒரு சாதாரண கிரானைட் தனக்குள் எவ்வளவு சூட்டை உண்டாக்குமோ, அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இந்தப் பகுதிச் சார்னோகைட் உண்டாக்குகிறது. அடியில் எரிமலையும் இல்லை, பாறைக்குள் எரிபொருளும் இல்லை. பிறகு எப்படிச் சூடு ஏறும்?

மாப்பிள்ளைக்கு அந்தப் பாறையின் மேல் ஒரு மரியாதை. கையை வைத்துத் தடவிக்கொண்டே நின்றான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் பாறை எல்லாம் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும். வயதில் நம் மலைக்கு முன்னால் கைக்குழந்தை. துரப்பணம் உள்ளே போவதும் சுலபம். இந்தக் கல்லில் துளை போட்டால் பிட் தேய்ந்தே காசு கரைந்துவிடும் என்றான். புவிவெப்ப மின்நிலையத்தில் பெரிய செலவே கிணறுதான். பல கோடி கொட்டித் தோண்டி, கீழே ஒன்றும் இல்லை என்றால் அவ்வளவும் போயிற்று. ஆவி கிடைத்துவிட்டால் அப்புறம் எரிபொருள் செலவு என்று ஒன்றும் கிடையாது, இரவு பகல் நிற்காமல் ஓடும்.

ஏரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படகுக்கு வரிசை, சோளத்துக்கு வரிசை, செல்ஃபிக்கு வரிசை.

மதியத்துக்கு மேல் முப்பத்திரண்டு கிலோமீட்டர் சுற்றுச் சாலையில் போனோம். கூட்டம் அங்கே வருவதில்லை. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர். காபிப் பழம் பறித்ததும் கொட்டையை உலர்த்துவதுதான் தலைவலி. அந்த நேரத்தில் பனியும் தூறலும் பிடித்துக்கொண்டால் பூஞ்சை வந்துவிடும். ஜாவாவில் கமோஜாங் என்ற மலைப்பகுதியில் 1983 முதல் புவிவெப்ப மின்நிலையம் ஓடுகிறது. அங்கே காபியை உலர்த்தவும் பூமிச் சூட்டைப் பயன்படுத்த ஆரம்பித்திருக்கிறார்கள். ஏற்காடு தோட்டக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம்தான்.

பாக்சைட் வெட்டிய மேடுகளையும் பார்த்தோம். சார்னோகைட் மழையில் ஊறி ஊறிச் சிதைந்து, மற்றதெல்லாம் கரைந்துபோக, அலுமினியம் மிஞ்சி நிற்கும் செம்மண் கல் அது. இங்கே வெட்டியதெல்லாம் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. அலுமினியம் உருக்குவது கரண்டைத் தின்னும் தொழில். கரண்ட் விலை ஏறினால் ஆலை தாங்காது. மேட்டூரில் உருக்கும் வேலை 2008இல் நின்றுபோனது. ஐஸ்லாந்தில் பாக்சைட் ஒரு கூடைகூடக் கிடையாது. பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுத்த அலுமினாவைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி உருக்குகிறார்கள், கிருண்டார்டாங்கி ஆலைக்குப் புவிவெப்ப நிலையங்களிலிருந்து கரண்ட் போகிறது. நமக்கு மண் இருந்தது, அவர்களுக்குச் சூடு இருந்தது. அந்த வியாபாரத்தில் சூடுதான் ஜெயித்தது.

ஞாயிறு, சேர்வராயன் கோயில், லேடீஸ் சீட்

மலையின் உச்சி இதுதான், 5,300 அடியைத் தாண்டும். குகைக் கோயில். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குகை தலைக்காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். மலையாளிகள் என்று அழைக்கப்படும் இந்த மலை மக்களின் குலதெய்வம் இவர். வைகாசித் திருவிழாவுக்கு அறுபது எழுபது ஊர்க்காரர்கள் வருவோம் என்று பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்.

மாப்பிள்ளை அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். பாக்சைட் மண் தோண்டிய காலத்தில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டான். "கூலி கிடைச்சுதுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நியூசிலாந்தில் ரோடோகாவா என்ற புவிவெப்ப வயலில் அந்த நிலத்து மாவோரி மக்களின் அறக்கட்டளை, மின் கம்பெனியோடு கூட்டுப் பங்குதாரர். அவர்களுக்கும் ஆரம்பத்திலேயே யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1958இல் வைராகெய் நிலையம் வந்தபோது அரசு தன் போக்கில்தான் தோண்டியது. தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்ததில் ஒரு பகுதியில் தரை 15 மீட்டர் இறங்கிப்போனது. வெந்நீர் ஊற்றுகள் சில வற்றின. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற பெயர் வைத்துவிட்டால் எல்லாம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. கலிபோர்னியாவில் தி கீசர்ஸ் என்ற வயலில் 1980களில் கண்டபடி உறிஞ்சி ஆவி குறைந்துவிட்டது. சூடு அப்படியே இருந்தது, தண்ணீர்தான் தீர்ந்துபோனது. இப்போது பக்கத்து ஊர்களின் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, குழாயில் கொண்டுவந்து, பூமிக்குள் செலுத்தி ஆவியாக்குகிறார்கள். எடுத்ததைத் திருப்பி விட்டால்தான் இது நிலைக்கும். போர் போட்டுப் போட்டே நிலத்தடி நீரைத் தீர்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

லேடீஸ் சீட்டில் தெளிவான நாளில் மேட்டூர் அணை தெரியும். எங்களுக்குப் புழுதி மூட்டம்தான் தெரிந்தது. அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டோம். மேட்டூர் அனல்மின் நிலையம் 840ம் 600ம் சேர்த்து 1,440 மெகாவாட். உலகத்தில் உள்ள அத்தனை புவிவெப்ப நிலையங்களையும் கூட்டினால் 16,000 மெகாவாட்டை ஒட்டி. அதாவது பதினொரு மேட்டூர். இத்தாலியில் லார்டரெல்லோ என்ற இடத்தில் 1904இல் ஒரு பிரபு சில பல்புகளை எரியவிட்டுக் காட்டி, 1913இல் முதல் நிலையம் வந்து, நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இவ்வளவுதான். தமிழ்நாட்டின் காற்றாலைகள் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன.

இதைச் சொன்னால் மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "காத்து நின்னா என்ன பண்ணுவீங்க மாமா? கென்யாவப் பாருங்க" என்றான். கென்யாவின் கரண்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு பூமிச் சூட்டிலிருந்து வருகிறது, ஒல்காரியாவில் 1981 முதல் ஓடுகிறது. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருக்கிற இடத்தில் அது பொன். இல்லாத இடத்தில் இருப்பதாகப் பேசுவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. பூமியில் எங்கே தோண்டினாலும் சூடு உண்டு, சூடான பாறையைத் தண்ணீர் அழுத்தத்தில் பிளந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. அமெரிக்காவில் நெவாடாவிலும் யூட்டாவிலும் அந்த முறை வேலை செய்வதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 2006இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் அப்படிப் பிளந்தபோது நிலம் அதிர்ந்து திட்டத்தையே கைவிட்டார்கள். தென்கொரியாவில் போஹாங் நகரத்தில் 2017இல் 5.5 அளவுக்கு நிலநடுக்கம் வந்தது. தோண்டிய கிணறுகளில் தண்ணீர் செலுத்தியதுதான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழுவே சொன்னது. அதெல்லாம் சூடு நிறைய இருக்கும் பாறையில் செய்ய வேண்டிய பரீட்சை. தொள்ளாயிரம் அடிக்கு மூன்று டிகிரி ஏறும் சார்னோகைட்டில் அல்ல.

இந்தியாவில் எங்கே செய்யலாம் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு, 4,400 மீட்டர் உயரம். தரையிலேயே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு மெகாவாட் சோதனை நிலையத்துக்கு 2021இல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது. தெலங்கானாவில் மணுகூரில் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் 20 கிலோவாட் அளவில் ஒன்றை வைத்துப் பார்த்தது. நாடு முழுக்க வெந்நீர் ஊற்றுகள் முந்நூற்றுச் சொச்சம் பட்டியலில் இருக்கின்றன, 10,000 மெகாவாட் வரை எடுக்கலாம் என்று பல வருடங்களாக ஒரு மதிப்பீடு சொல்லிக்கொண்டே வருகிறது. 2025இல் தேசியப் புவிவெப்பக் கொள்கையும் வந்துவிட்டது. ஆனால் வணிக அளவில் ஒரு நிலையம்கூட இன்னும் ஓடவில்லை.

தமிழ்நாட்டுக்குள் என்றால் மலையை விட்டுவிட்டுக் காவிரிப் படுகைக்குப் போக வேண்டும் என்பது மாப்பிள்ளையின் கட்சி. அங்கே பாறைக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் படிந்திருக்கிறது; சூடு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. எண்ணெய்க்காகத் தோண்டிய கிணறுகள் ஏற்கெனவே இருக்கின்றன, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும். பெரிய செலவான கிணறு ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது. எண்ணெய் தீர்ந்து மூடப்போகும் கிணற்றில் வெந்நீர் எவ்வளவு ஓடும் என்று பார்த்துவிட்டு மூடினால் என்ன நஷ்டம் என்று கேட்கிறான். டெல்டாக்காரர்கள் தோண்டுகிறோம் என்று யார் வந்தாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது என்றேன். புதிதாக ஒரு துளையும் வேண்டாம், இருப்பதை அளந்தால் போதும் என்கிறான். அந்த அளவுக்கு நானும் அவன் கட்சி.

இறங்கும்போது குப்பனூர் வழியாக வந்தோம். அந்தப் பாதையில் கொண்டை ஊசிகள் குறைவு, கூட்டமும் குறைவு, ஆனால் இறக்கம் செங்குத்து. பிரேக்கை நம்பாமல் கியரில் இறங்குவது நல்லது. வழியில் இன்னொரு தோட்டத்தில் வற்றிய போர் ஒன்று, 1,100 அடி என்றார்கள். உரிமையாளரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.